எட்டுச் சாமான்

"பெட்டியைத் திறங்க சார். சாமானை எண்ணணும்."

விசாரணை அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. விமானங்களைப் பழுது பார்க்கிற ஹேங்கர் வாசலில், தூறலில் நனைந்தபடி நிற்கிறார். முந்தாநாள் விபத்துக்குள்ளான விமானத்தைப் பற்றி விசாரிக்க வந்தவரையே ஒரு வாட்ச்மேன் சோதிப்பதா?

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார்." வாட்ச்மேன் தலையை நிமிர்த்தவே இல்லை. "யாரா இருந்தாலும் உள்ளே போற சாமான் எத்தனையோ, வெளியே வரும்போதும் அத்தனை இருக்கணும்."

ஸ்க்ரூடிரைவர், டார்ச், இடுக்கி, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி... ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணி, நோட்டில் 'எட்டு' என்று எழுதிக்கொண்டார்.

"இந்தக் கறார் உள்ளே இருக்கிறவங்களுக்கு இருந்திருந்தா ஒரு உயிர் போயிருக்காது," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் அதிகாரி.

போனது துணை விமானியின் உயிர். இருபத்தெட்டு வயசு. கல்யாணமாகி நாலே மாசம். விமானத்தின் அடிவயிற்றில், அதை ஏற்றி இறக்குகிற கம்பிகள் ஓடுகிற இடத்தில் ஒரு டார்ச் சிக்கிக் கிடந்தது. தரையிறங்குகிற நேரத்தில் விமானி இழுத்த பிடி அசையவில்லை.

டார்ச்சை மறந்து உள்ளே விட்ட மெக்கானிக் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பக்கத்தில் இருந்த இன்னொரு விமானத்துக்குக் கூட்டிப்போனார். அதே ரகம். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டியது. அடிமூடியைக் கழற்றச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார்.

"இந்த இடம்தானே?"

"ஆமா சார்."

"டார்ச் குறையுதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"விமானம் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சார்."

அதிகாரி கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? நீயெல்லாம் மனுஷனாய்யா?"

"பயம் சார். போன வருஷம் எங்க மாமா வாயைத் திறந்தார். தன்னோட ஸ்பேனர் ஒண்ணு குறையுதுன்னு தானே ஓடிப்போய்ச் சொல்லி, கிளம்ப இருந்த விமானத்தை நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. நீங்க நேர்ல வராமலே, ஆபீஸ்ல உக்காந்து கவனக்குறைவுன்னு அறிக்கை எழுதினீங்க. அவர் வேலை போச்சு. அவரே வந்து சொன்னார்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதுல இல்ல சார்."

அதிகாரிக்கு லேசாக ஞாபகம் வந்தது. காகிதம்தான் ஞாபகம் வந்தது. ஆளை அவர் பார்த்ததே இல்லையே!

"பேச்சை மாத்தாதே. தப்பு தப்புதான். புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நான்தான் கொன்னேன் சார். இல்லேன்னு சொல்லவே இல்லையே."

அழுகிறவரிடம் வாக்குமூலத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தரையில் பரப்பியிருந்த சாமான்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு அதிகாரி கிளம்பிவிட்டார். எண்ணிப் பார்க்கிற நிலைமையிலா இருந்தார்? பின்னால் வேறொரு ஆள் விமானத்தின் அடிமூடியை மாட்டித் திருகினான். பெரிய அதிகாரியே பார்த்த இடமாச்சே, நாம் வேறு எதற்குக் குனிந்து பார்க்கணும் என்று அவன் நினைத்துவிட்டான்.

"பெட்டியைத் திறங்க சார்," என்றார் வாட்ச்மேன் மறுபடியும்.

எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார்.

"ஏழுதான் சார் இருக்கு. கண்ணாடியைக் காணோம்."

அதிகாரிக்கு எங்கே வைத்தோம் என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. அதோ, பயணிகள் ஏறுகிற பக்கமாக அந்த விமானத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அடுத்த மாசம் பதவி உயர்வு. விஷயம் வெளியே தெரிந்தால் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது?

"காலையிலயே ஏழுதான்யா இருந்திருக்கும். நீ தப்பா எண்ணியிருப்பே."

சொல்லும்போதே அவர் கண் அந்த விமானத்தின் பக்கம் போனது. வாட்ச்மேன் அதிகாரியின் கண் போன திக்கை ஒரு தரம் பார்த்தார். போனை எடுத்தார்.

"இழுத்துட்டுப் போற விமானத்தை நிறுத்துங்க. அடிமூடியைக் கழட்டிப் பாருங்க. ஒரு கண்ணாடி இருக்கும். ஆமா, இப்பவே!"

பத்து நிமிஷம். அதிகாரி தூறலில் அப்படியே நின்றார். ஓரமாக ஒதுங்கக்கூடத் தோன்றவில்லை.

போன் அடித்தது. வாட்ச்மேன் கேட்டுக்கொண்டு வைத்தார்.

"கிடைச்சிருச்சாம் சார். கம்பிங்களுக்கு நடுவுலதான் கிடந்துச்சாம்."

பிறகு நோட்டைப் பிரித்து நிதானமாக என்னவோ எழுதினார். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார் என்று அதிகாரி வாங்கிப் படித்தார்.

'ஒரு சாமான் குறைந்தது. அதிகாரியே வந்து சொன்னார். விமானம் நிறுத்தப்பட்டது.'

"நான்... நான் சொல்லலையேய்யா!"

"இருக்கட்டும் சார், கையெழுத்துப் போடுங்க," என்றார் வாட்ச்மேன். "போன வருஷம் இந்த ஒரு வரி இல்லாமத்தான் நான் இந்த வாட்ச்மேன் வேலைக்கு வந்தேன்."