பாலம் ஏறும் பந்தயம்

வங்காளத்துப் பிஜன் சேது பாலத்தின் உச்சியில், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டில் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொண்டான் நவநீத். இவ்வளவு மேடு மிதித்து ஏறியவனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லையென்றால் அவன் மனைவி ஹர்ஷினி சும்மா விடமாட்டாள்.

மிதித்தது கால்தான். ஏற்றியது மோட்டார். போன வாரம்தான் பாலிகஞ்ச் ஸ்டேஷன் ரோட்டில் பாபி மெக்கானிக், அவனுடைய குண்டு டயர் குட்டி சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டாரைப் பொருத்தி, பேட்டரியைப் பஞ்சர் சாமான் பைக்குள் ஒளித்துக் கொடுத்திருந்தார்.

துர்கா பூஜை விடுமுறைக்கு அவன் ஊர் திண்டுக்கல்லா, அவள் ஊர் தென்காசியா என்று வீட்டில் ஓயாத சண்டை. கடைசியில் பந்தயம் என்று முடிவானது. கசபாவில் அவர்கள் ஃபிளாட் வாசலில் கிளம்பி, பாலம் ஏறி இறங்கி, அந்தப் பக்கத்து டீக்கடை வரைக்கும். ஜெயித்தவர் ஊருக்குத்தான் பயணம். மோட்டார் கொடுத்த தைரியத்தில் நவநீத், “டிக்கெட் போட்டாச்சும்மா” என்று அம்மாவிடம் சொல்லியே விட்டான். அம்மா முறுக்குக்கு மாவும் அரைத்துவிட்டாள்.

முன்னால் ஹர்ஷினி அதே மாதிரி குண்டு டயர் சைக்கிளில் குஷியாக இறங்கிக்கொண்டிருந்தாள். நவநீத் மோட்டாரை முழுசாகத் திருகினான். அப்படியும் அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் மண்குவளையில் பாதி டீயைக் குடித்திருந்தாள்.

“என்ன நவ், இப்படி வேர்த்திருக்கு? தென்காசிக்கு வந்து ரெஸ்ட் எடு.”

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவனுக்கு ஒரு பக்கம். மோட்டாரையே காலால் தோற்கடிக்கிறாளே என்ற பிரமிப்பு இன்னொரு பக்கம்.

திரும்பும்போது அவளே சொன்னாள். “ஸ்டேஷன் ரோடு வேணாம். இன்னைக்கு விஸ்வகர்மா பூஜை, நம்ம ஆயுத பூஜை மாதிரி, பட்டறைக்குப் பட்டறை மைக் செட்டு. சுத்திப் போலாம்.”

பாபியின் கண்ணில் படாமல் எப்படித் தப்புவது என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சுற்றுவழியில் சாமி சிலையோடு வந்த லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. வானம் நிறையப் பூஜைக்கு விட்ட பட்டங்கள் பறக்க, இருவரும் வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் ரோட்டுக்கே வந்தார்கள். ஹர்ஷினி, சாம்பிராணிப் புகை ஆகாது என்று துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள்.

நவநீத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தான். பாபியா விடுவார்?

“தாதா, எங்கே ஓடுறீங்க? நான் மோட்டார் மாட்டின வண்டி எதுவும் இன்னைக்கு மாலை போடாம இந்தக் கடையைத் தாண்டக் கூடாது.” அண்ணனுக்குத் தாதா, அக்காவுக்குத் தீதி என்று ஹிந்தியும் வங்காளமும் கலந்து பேசிக்கொண்டே ஓடி வந்தவர், ஒரு முழம் செண்டுமல்லிச் சரத்தை நவநீத்தின் சைக்கிளில் சுற்றி, பேட்டரிப் பைக்குக் குங்குமமும் வைத்தார். “இருங்க, வரேன்” என்று உள்ளே போனார்.

நவநீத்துக்கு மானம் கப்பலேறிவிட்டது. இனி மறைத்து என்ன பயன் என்று ஹர்ஷினியிடம் திரும்பினான்.

“ஹர்ஷு, தப்புதான். மோட்டார் வெச்சுட்டேன். அம்மாகிட்ட வரோம்னு வேற சொல்லிட்டேன். ஆனா மோட்டார் வெச்சும் உன்கிட்ட தோத்துட்டேன் பாரு. நீ நிஜமாவே பெரிய ஆள்.”

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான். அவளோ கோபப்படவே இல்லை. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, “சரி சரி, விடு. முதல்ல கிளம்பு, வீட்டுல பேசிக்கலாம்” என்றாள்.

நவநீத்துக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பெருந்தன்மையா என்று நெகிழ்ந்துபோனான். தென்காசிக்கு நடந்தே போகச் சொன்னாலும் போகலாம் என்றிருந்தது.

அதற்குள் பாபி வெளியே வந்துவிட்டார். தோளில், கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி கனத்த மாலை. துப்பட்டாவுக்குள் இருப்பது யார் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தார், நேராக வந்து மாலையை ஹர்ஷினியின் ஹேண்டில்பாரில் போட்டார்.

“பெரிய மோட்டாருக்குப் பெரிய மாலை, தீதி.”