கம்ப்யூட்டருக்காக ஒரு பிரமாணம்

"நீ எதையும் மாத்தலேன்னா, காணிப்பாக்கம் வந்து பிரமாணம் பண்ணு!"

தாட்சாயணி மேடம் இப்படிச் சொன்னதும் அந்தத் திருப்பதி ஆராய்ச்சிக்கூடமே கப்சிப் ஆனது. சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் காணிப்பாக்கம் விநாயகருக்கு மேல் கோர்ட் கிடையாது. அங்கே பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது.

மேடம் அப்படிக் கேட்டது தன் மாணவன் ஹரிபாபுவை. மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு டாக்டர் பட்டம்.

பாவம், அவன் செய்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு மருந்து பார்க்கக் கற்றுக்கொடுத்ததுதான். எந்த ரசாயனம் கிருமியைக் கொன்றது, எது கொல்லவில்லை என்று உலகத்து ஆய்வு முடிவுகளையெல்லாம் அதற்கு ஊட்டியிருந்தான். புதிதாக ஒன்றின் அமைப்பைக் காட்டினால் போதும். கொல்லுமா, கொல்லாதா என்று அதுவே கணித்துவிடும்.

சோதித்துப் பார்க்க, மேடம் கண்டுபிடித்த மருந்துகளையே, முடிவை மறைத்துக் கொடுத்தான். அவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் கண்டதையெல்லாம் அது கண்மூடித் திறப்பதற்குள் சொன்னது. பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசினாற்போல ஹரிக்குப் புல்லரித்துவிட்டது.

ஒன்றில்தான் வம்பு. மேடத்துக்கு விருது வாங்கித் தந்த மருந்தைக் காட்டினால், "கொல்லாது" என்றது.

"எத்தினி வாட்டி கேட்டாலும் அதையே சொல்லிக்கினு இருக்குது மேடம். நான் ஒண்ணும் மாத்தலை."

"என் பேரைக் கெடுக்க யார் உன்னைத் தூண்டிவிட்டா? அங்க வந்து சொல்லு!"

போனார்கள். ஹரி கோயில் குளத்தில் முங்கி, ஈரம் சொட்டச் சொட்ட சந்நிதியில் நின்றான்.

"நான் எதையும் மாத்தலை, சாமி."

குரலில் துளி நடுக்கம் இல்லை. மேடத்தின் முகம்தான் வெளுத்தது.

வெளியே வந்ததும் ஹரி கைகூப்பினான்.

"கம்ப்யூட்டர்தான் எங்கியோ தப்பு பண்ணுது மேடம். நீங்களும் ஒரு முழுக்குப் போட்டு, அந்த மருந்து நெஜமா வேலை செஞ்சுதுன்னு சாமிகிட்ட சொல்லிடுங்க. யாரும் வாய் திறக்க மாட்டாங்க. நான் அந்த புரோகிராமையே அழிச்சுடறேன்."

கேலியில்லை, குத்தலில்லை. மேடம் மேல் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. தன் உழைப்பு மொத்தத்தையும் தூக்கிப் போடத் தயாராக நின்றான்.

மேடம் குளத்தில் ஒரு படி இறங்கினார். அடுத்த படிக்குக் கால் வரவில்லை. திரும்பி மேலே ஏறினார்.

"அழிச்சுடாதேப்பா. இத்தினி வருஷத்துல என்னைக் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான்."