ஓர்வில் எண்ணிய பறவைகள்

ஈரி ஏரிக்கரையில் ஓர்வில் கிழவரைவிட நேர்மையாகப் பறவை எண்ணியவர் யாருமில்லை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, சத்தியம்.

அடிபட்ட பறவைகளுக்கான ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் நாள் அது. விடிந்ததிலிருந்து பேத்தி டெஸ்ஸா கண்ணில் பட்ட பறவை இனங்களைப் பட்டியலில் எழுதித் தள்ளினாள்.

“தாத்தா, மரங்கொத்தி. இதோட நாப்பது.”

“அது மொட்டைக் கிளைம்மா. அடிச்சிடு.”

“கிளை பறக்குதே?”

“காத்து பலமா இருக்கு.”

“சரி, அந்தக் கட்டை மேல மீன்கொத்தி.”

“ரெண்டு பேரும் பார்த்தாத்தான் கணக்கு. அதான் விதி,” என்று எரிச்சலோடு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மீன்கொத்தி கத்தியது.

“காதுல விழுந்தாலும் கணக்குதான், தாத்தா.”

“அப்படியே உங்கம்மா மாதிரி வந்து வாய்ச்சிருக்க,” என்று பல்லைக் கடித்தார்.

பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பறவை இனத்துக்கும் பத்து டாலர் தருவதாக அவளுடைய நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஓர்வில் ஒருவர்தான்.