அணைத்த பிறகும்

கமாலுதீன் ஸ்விட்சை அணைத்தான். பாட்டு நிற்கவில்லை.

மறுபடி போட்டான். கொஞ்சம் பலமாகக் கேட்டது. அணைத்தான். பலம் போனது, பாட்டு போகவில்லை.

ராயபுரத்தை அடுத்த டோல்கேட்டில் பதினோரு வருஷமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். பாடாத ரேடியோவைப் பார்த்திருக்கிறான், கரகரக்கிற ரேடியோவைப் பார்த்திருக்கிறான். சொன்ன பேச்சைக் கேட்காத ரேடியோவை இன்றுதான் பார்க்கிறான்.

"நிறுத்து பாய்!" என்று பல்லைக் கடித்தார் இக்னேஷியஸ்.

"நிறுத்திட்டேன் சார்."

"அப்போ பாடறது யாரு, உன் மாமியாளா?"

இக்னேஷியஸ் ஹார்பரில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் இன்னாசி. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன 1936ஆம் வருஷத்துக் கறுப்புக் காரை வாங்கிய நாளிலிருந்து இக்னேஷியஸ். ராயபுரத்தில் அந்தக் காரில் ஏறியவர்களைவிட அதைத் தள்ளியவர்களே அதிகம்.

அந்தக் காருக்குத்தான் ரேடியோ வேண்டும் என்றார். ஆனால் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. முன்பலகையில் ஓட்டை கூடாது. ஏரியல் கம்பி வெளியே நீட்டக் கூடாது. குமிழ் கண்ணில் படக் கூடாது.

துரை காரின் லட்சணம் கெட்டுவிடுமாம். அது ஊருக்குச் சொன்ன காரணம்.

சொல்லாத காரணம் வேறு. மாதா கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி சினிமாப் பாட்டுப் போடுவது பாவம் என்று வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்குகிறவரே இவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய தலைவர் வால்டர் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவருக்குத்தான் பதவி. அந்தத் தலை தன் பக்கம் அசைய வேண்டும் என்று இக்னேஷியஸ் ஆறு மாதமாக வாயில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கவில்லை. ஆறு மாதம் தாங்கியவருக்கு ஏழாவது மாதம் தாங்கவில்லை.

கமாலுதீன் அவர் வீட்டு வாசலிலேயே மூன்று நாள் மெனக்கெட்டான். செட்டைப் பலகைக்குப் பின்னால் தொங்கவிட்டான். ஸ்விட்சை ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளித்தான். கடைசியாகப் பின் சீட்டைக் கழற்றி, அதன் முதுகுப்புறம் ஸ்பீக்கரைச் சொருகி, சீட்டைத் திரும்பப் பொருத்த முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினான். அதே நேரம் முன்னால் உட்கார்ந்திருந்த இக்னேஷியஸ் ஆசை தாங்காமல் ஸ்விட்சைப் போட்டார்.

சிலோன் ஸ்டேஷன். மாலை நாலு மணிக்கு ராயபுரம் முழுக்க வேறு ஸ்டேஷன் கிடையாது. ஒரு பெண் குரல், உருகி உருகி.

இப்போது அது நிற்கமாட்டேன் என்கிறது.

கமாலுதீன் பேட்டரி வயரைப் பிடுங்கினான். வயர் கையில் தொங்கியது. பாட்டு காரில் தொங்கியது.

"யா அல்லா!" என்றான்.

ஒருவேளை உள்ளே கரண்டு தேங்கி நிற்கிறதோ? தேங்கினால் ஒரு நொடி பாடும், ரெண்டு நொடி பாடும். இது சரணத்துக்கு வந்துவிட்டது.

ஸ்பீக்கரையே பிடுங்கிவிடலாம் என்று அவன் பின்கதவுப் பக்கம் ஓடும்போது வாசல் கேட் கிறீச்சிட்டது.

வால்டர். பின்னால் கமிட்டியைச் சேர்ந்த இரண்டு பேர். வால்டர் கையில் மனு.

இக்னேஷியஸ் முன் சீட்டில் நிமிர்ந்தார். துரை காலத்து ரப்பர் ஹாரனை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். பாம். பாம். பாம். பாட்டு மேலே வரும்போதெல்லாம் பாம்.

வால்டர் நின்றுவிட்டார். "இன்னாத்துக்குப்பா இந்த மரியாதெ? நானு இன்னா பிஷப்பா?" என்றார். சந்தோஷத்தில் கன்னம் உப்பியது.

இக்னேஷியஸ் சிரித்துக்கொண்டே அமுக்கினார். கை வலித்தது. எவ்வளவு நேரம் அமுக்க முடியும்?

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து வந்தார் அவர் மனைவி சிலுவையம்மாள். கையை முந்தானையில் துடைத்தார். காரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து, கமாலுதீனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். வலது கை மட்டும் சீட்டுப் பஞ்சின் இடுக்குக்குள் முழங்கை வரை போய்த் திரும்பியது.

பாட்டு நின்றது.

ஹாரன் இன்னும் இரண்டு தடவை அடித்து, சந்தேகப்பட்டு, நின்றது.

கமாலுதீன் கையிலிருந்த வயரைப் பார்த்தான். அந்த அம்மாள் கையைப் பார்த்தான்.

"நல்ல வேளெ நீயே வந்துட்டம்மா," என்றார் வால்டர், கார் ஜன்னல் வழியாக மனுவை நீட்டி. "பொம்பளைங்க பக்கத்துல உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

சிலுவையம்மாள் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மனுவை மடியில் வைத்து, நிதானமாக, கோணாமல் கையெழுத்துப் போட்டார். வால்டர் அதைப் பார்த்தார், பிறகு இக்னேஷியஸைப் பார்த்தார். தலையசைத்தார். குடும்பமென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

இக்னேஷியஸ் வந்தவர்களை வீட்டுக்குள் அழைத்துப் போனார். நடை துரை நடையாகிவிட்டது. போகிறபோக்கில் கமாலுதீனிடம் குனிந்து, "எங்கியோ லூஸ் கனெக்ஷன். பார்த்து வை," என்றார்.

சிலுவையம்மாள் இறங்கிக் கதவைச் சாத்தினார். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அது என் டிரான்சிஸ்டர் பாய். உன் ஸ்பீக்கர கொஞ்சம் அப்பால தள்ளி வை, நசுங்குது."