கல்லறைக் கேட்டில் ஐந்தாம் நாள்

மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் கம்பிகளைச் சிமெண்டுத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. புதுப்பட்டினத்து வீட்டில் ஜெசிந்தா டிவி முன்னால் குந்தி நெத்திலி ஆய்கிறாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் அவள் புருஷன் ஜெபசிங், இடது கையும் காலும் விழுந்து ஐந்து மாதமாகக் கிடக்கிறான். அவள் தாங்கிப் பிடிக்காமல் இதுவரை ஓரடி வைத்ததில்லை. தொடரில் திங்கட்கிழமை குழியை விட்டு எழுந்த பிணம், இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டவில்லை. ஒரு காலைத் தூக்குகிறது. அதற்குள் கதாநாயகியின் முகம், ஒரு ஆந்தை, மறுபடி அதே முகம், மூன்று இடி. "இன்னாடி இவன், அஞ்சு நாளா கேட்டாண்டயே நின்னுகினு கீறான்?" என்கிறான் ஜெபசிங், கோணிய வாயால். "செத்தவன் மெதுவாத்தான் வருவான், சும்மா பாரு." "தூ!" கட்டில் கிறீச்சிடுகிறது. ஜெசிந்தா திரும்புவதற்குள் அவன் சுவரைப் பிடித்து நின்றுவிட்டான். இடது கால் தரையில் சர்ரென்று இழுபடுகிறது, லுங்கி நுனியும் கூடவே வருகிறது. மீன் கையோடு தாங்க எழுந்தவளை முறைத்தே உட்கார வைக்கிறான். ஒரு இழுப்பு, ஒரு மூச்சு. வெயில் கம்பிகளை ஒவ்வொன்றாக மிதித்து எட்டு அடி. டிவியின் மேல் கையை ஊன்றி இளைக்கிறான். திரையில் பிணத்தின் குதிகால் இன்னும் அந்தரத்தில். பட்டனை அமுக்கி அணைக்கிறான். "நானே வந்துட்டேன், அந்தப் பொணத்துக்கு இன்னா கேடு?"