மேடு ஏறாத வண்டி

"வீட்டுக்குப் போற வழியில மேடு இருக்கா சார்?"

ஜப்பானின் வடக்கே, அகிதா பக்கத்தில் கார் விற்கிறவர்கள், என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். வருஷத்தில் நாலு மாசம் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிற சீமை.

"இல்ல," என்றான் மசனோரி.

மனைவி ரியோகோ திரும்பிப் பார்த்தாள். "உங்க அக்கா வீடு என்ன, பள்ளத்துலயா இருக்கு?"

"நாம குடியிருக்கிற வீட்டைத்தானே கேக்குறாரு."

விற்பனையாளர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் முன்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். மற்றதில் நாலு சக்கரமும் இழுக்கும்.

"தினம் ஆபீசு, கடைன்னு டவுனுக்குள்ளயே ஓட்டுறதுன்னா ரெண்டு சக்கரம் போதும் சார். விடியறதுக்குள்ள நகராட்சிக்காரங்க பனியைத் தள்ளிடறாங்க. பனி டயர் போட்டுக்கிட்டா ஆச்சு, பெட்ரோலும் மிச்சம். மேடு ஏறணும்னாதான் நாலு சக்கரம் வேணும்."

"ரெண்டு சக்கரமே எழுதுங்க."

"கஞ்ச மகாபிரபு," என்று முணுமுணுத்தாள் ரியோகோ.

கஞ்சத்தனமெல்லாம் இல்லை. அது மசனோரிக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய வண்டி நாலு சக்கரத்திலும் இழுக்கிற வண்டி. அதனால் போன வருஷம் வரைக்கும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு விடாமல் கினுயே அக்கா வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் அப்பா அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டவள். அவர்கள் போன பிறகும் மலைச்சரிவில் அதே வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். போனால் கூரைமேல் ஏறிப் பனி தள்ள வேண்டும். இறங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் பொழுது சாயும்வரை உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயசு மனுஷனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சொந்தமாக வேண்டாமா?

டிசம்பரில் பனி பிடித்ததும், முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் போட்டான்.

"அக்கா, வண்டியை மாத்திட்டேன். இது ரெண்டு சக்கரந்தான் இழுக்கும். உன் மேட்டுல தார் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் ஏறும் போல."

"ஏறாட்டி என்னடா? கூரையை நான் பாத்துக்கிறேன்னு கீழ்வீட்டு ஒனோதெரா சொல்லிட்டாரு. நீ இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு."

இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவனுக்கு. அன்றைக்குப் பூராவும் டிவி பார்த்தான்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு அதே போன், அதே பேச்சு.

"இன்னிக்கும் கொட்டுதுக்கா. வண்டி ஏறாது."

"சரிடா, வராதே. உடம்பைப் பாத்துக்கோ."

ஒரு தடவையாவது ஏறுகிறதா என்று பார்த்தானா? அடிவாரத்துப் பக்கமே அவன் தலை வைத்துப் படுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. இவன் போனை எடுப்பதற்குள் ஒனோதெராவிடமிருந்து போன் வந்துவிட்டது. அக்கா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆம்புலன்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்.

கட்டிலில் அக்கா பாதி உடம்பாகக் கிடந்தாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாயில் என்னமோ கோபம்தான் வந்தது.

"அறுபத்தாறு வயசுல, இந்தப் பனியில, வெளிய என்னக்கா வேலை உனக்கு? வீட்டுக்குள்ள சும்மா இருக்கத் தெரியாதா?"

"தெரியலையேடா," என்று சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

இன்சூரன்ஸ் அட்டையும் மாற்றுத் துணியும் வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். வேறு வழியில்லை, மசனோரி வண்டியை எடுத்தான். வண்டியை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு முழங்கால் பனியில் ஏறிப் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனான்.

வண்டி ஏறியது. திணறாமல், வழுக்காமல், நேராக வாசல்வரைக்கும் போய் நின்றது. இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குப் பனி. நடுவில் ஒரு கார் அகலத்துக்குக் கறுப்பாகத் தார்.

சத்தம் கேட்டு ஒனோதெரா வந்தார்.

"பரவால்லையே, இப்பல்லாம் நகராட்சிக்காரங்க இங்கேயும் வந்து பனி தள்ளுறாங்களா?" என்று கேட்டான் மசனோரி.

"அவங்க மெயின் ரோட்டோட சரி. இது உங்க அக்கா வேலை. தினம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுவாங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள மேடு முழுக்கத் தார் தெரிஞ்சாகணும் அவங்களுக்கு. நான் வந்தாலும் கிட்ட விடமாட்டாங்க. இன்னிக்கு இன்னும் நாலு அடிதான் பாக்கி. கால் வாரிடுச்சு. ஆம்புலன்ஸ் வரணுமேன்னு அந்த நாலடியை நான் தள்ளினேன்."

"எதுக்கு? அக்காகிட்ட வண்டியே கிடையாதே."

"உங்க வண்டிக்குத்தான்."

மசனோரி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "வாராவாரம் போன்ல பேசினோமே. ஒரு வார்த்தை சொல்லலையே."

ஒனோதெரா பாதையோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நானும் கேட்டேன். 'மேடு சுத்தமா இருக்கு, வாடான்னு தம்பிகிட்ட சொல்றதுதானே'ன்னு. 'சொன்னா, வராம இருக்கிறதுக்கு அவன் வேற ஒரு பொய் தேடணுமே, பாவம்'னாங்க."