கேட் வரைக்கும் போகும் பஸ்

"ஓசின்னா அதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

ராஜதுரை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலை கேட் வரை போகும் டவுன் பஸ் அது. சாயங்காலத்தில் பத்துப் பேர் இருந்தால் பெரிது.

அவர் சொன்னது முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த வேணியம்மாளை. காலையில் ஆலை கேட்டில் ஏறி அரியலூர் போவார். பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் இதே பஸ்ஸில் திரும்பிவிடுவார். பெண்களுக்குத்தான் டிக்கெட் இலவசமாயிற்றே.

"காய் வாங்குறதில்ல, ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல. ஊர் சுத்தவா கவர்மெண்டு பஸ் வுடுறான்?"

"விடுங்கண்ணே, காதுல வுழப் போவுது" என்றார் கண்டக்டர் பிரேம்குமார்.

"வுழட்டுமே!"

விழுந்தது. வேணியம்மாள் திரும்பவில்லை.

"அப்பா, பேசாம வாங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் சுவாதி. அரியலூரில் காலேஜ் படிக்கிறாள். ராஜதுரைக்கு அங்கே உரக்கடையில் வேலை. இருவரும் இந்த பஸ்ஸில்தான் போக வர. கடையில் லோடு இறங்கும் நாட்களில் மட்டும் அவர் தங்கிவிட, சுவாதி தனியாகத் திரும்புவாள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் பஸ் அவருடைய ஓடைக்கரை கிராமத்தைத் தாண்டி ஆலை கேட்டுக்குப் போய், அந்த அம்மாள் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். அதற்குள் சுவாதிக்கு முதல் வகுப்பு போய்விடும். ஆலையோ மூடிக் கிடக்கிறது. 'பஸ் எங்கள் ஊரோடு திரும்பட்டும்' என்று டிப்போவில் மனுக் கொடுத்துவிட்டார்.

அதை விசாரிக்கத்தான் இன்று டிப்போ அதிகாரி ஒருவர் அடுத்த ஸ்டாப்பில் ஏறினார். ராஜதுரையின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு நேராக வேணியம்மாளிடம் போனார்.

"கேட்ல ஏறுறது நீங்க ஒருத்தர்தானாம்மா?"

"ஆமாங்க சார்."

"டவுன்ல என்ன வேலை?"

"வேலைன்னு ஒண்ணுமில்லீங்க. ஆலை குவார்ட்டர்ஸ்ல இப்ப நான் மட்டுந்தான் இருக்கேன். பேச ஆளில்லீங்க. பஸ் ஸ்டாண்டுல நாலு சனம் பேசுறதக் கேட்டுட்டு வந்தா ராத்திரி தூக்கம் வருதுங்க."

"ஏம்மா, எல்லாரும் காலி பண்ணிட்டாங்கல்ல? நீங்களும் போயிருக்கலாமே?"

"ஆலையத் தொறந்துடுவாங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. அவரு போய்ச் சேந்துட்டாரு. யாரோ புது கம்பெனிக்காரங்க வாங்கப் போறதா இப்பவும் பேசிக்கிறாங்கல்ல? அவங்க வர்ற அன்னிக்கு ஒரு வூட்டுலயாச்சும் வெளக்கு எரியட்டுமேன்னுதான்."

ஆலையின் சுற்றுச்சுவர் நெடுக சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதும், கதவு ஜன்னல் பிடுங்கிப் போன வீடுகளும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் ஒரு மனுஷி தினமும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள் என்பதை யாரும் யோசித்ததில்லை.

அதிகாரிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "பாவந்தான். ஆனா இதெல்லாம் ஒரு காரணம்னு நான் எழுத முடியாதும்மா" என்றவர், ராஜதுரை பக்கம் திரும்பினார். "உங்க மனு சரிதான். கேட்டுக்கு பஸ் வேணாம்னு எழுதிடறேன்."

"ரொம்ப நல்லது சார். இனிமே எங்க ஊரோட திரும்பிடும்ல?"

"உங்க ஊருக்கு ஏதுங்க பஸ்? இது ஆலைக்குன்னு விட்ட வண்டி. ஆலைக்கு ஆள் இல்லன்னா வேற ரூட்டுக்கு மாத்திடுவோம். நீங்க மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்க வேண்டியதுதான்."

ராஜதுரை மகளைப் பார்த்தார். மெயின் ரோடு நாலு மைல். நடுவில் ஒரு டீக்கடை கூடக் கிடையாது. அவர் கூட வராத நாளில் வயசுப் பெண்ணை அந்தக் காட்டு வழியில் எப்படித் தனியாக விடுவது? படிப்பை நிறுத்த வேண்டியதுதான்.

எழுந்தே விட்டார்.

"சார், சார்! எழுதிடாதீங்க. இவங்க கூச்சப்பட்டுக்கிட்டு ஏதோ சொல்றாங்க. எங்களுக்குப் பெரியம்மா முறை சார். நான் கடையில தங்கிட்டா எம் பொண்ணு தனியா வரணுமேன்னு, அவளுக்குத் துணையாத்தான் தினம் போய்ட்டு வராங்க."

"இப்பதானே பேச ஆளில்லன்னாங்க?"

"நாங்கல்லாம் எதுக்கு சார் இருக்கோம்? ஒரு நாள் வுடாம நம்ம வூட்டுக்கு வந்துட்டுத்தான் போவாங்க. நம்ம வூட்டுல ஒரு ஆளு மாதிரி."

"அப்புறம் எதுக்கு மனு குடுத்தீங்க?"

"தெரியாம குடுத்துட்டேன் சார்."

அதிகாரி வேணியம்மாளைப் பார்த்தார். "நெசமாம்மா?"

வேணியம்மாள் முதல் தடவையாகத் திரும்பி ராஜதுரையைப் பார்த்தார். பிறகு சுவாதியைப் பார்த்தார். சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க சார். பொண்ணுக்குத் துணைக்குத்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, வண்டி ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ராஜதுரைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஓடைக்கரை வந்ததும் மகளை முன்னால் விட்டு அவசரமாக இறங்கப் போனார். வேணியம்மாள் சீட்டை விட்டு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல ஏதாவது கேட்கப் போகிறார் என்று ராஜதுரை தயாராகிவிட்டார்.

அதிகாரிக்குக் கேட்காத குரலில் வேணியம்மாள் கேட்டார்:

"தம்பி... நாளைக்கு ஒரு நாளு நெசமாவே உங்க வூட்டுக்கு வரட்டுங்களா? சாப்பாடெல்லாம் வேணாம். செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடறேன்."